63.397 எப்படி வந்தது? டிரெஸ்ஸாஜ் மதிப்பெண், தரவரிசை, விருது: ஒரு தகப்பனாருக்குப் பதில்

ஒத்தக்கடையிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். அவர் மகள் குதிரையேற்றம் கற்றுவருகிறாள். பெங்களூரில் நடந்த டிரெஸ்ஸாஜ் போட்டியில், அதாவது வகுத்துக் கொடுத்த அசைவுகளைக் குதிரையை ஒழுங்காகச் செய்யவைக்கும் போட்டியில், 63.397 சதவீதம் வாங்கி நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்த பிள்ளைக்கு 64.423. அதே நாளில் இன்னொரு பிரிவில் 61 சதவீதம் வாங்கிய பையனுக்கு முதல் பரிசு. இந்தக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள், ஆண்டின் சிறந்த வீரர் விருதை எதை வைத்துக் கொடுக்கிறார்கள், உலகத் தரவரிசை என்றால் என்ன, சொந்தக் குதிரை வாங்கினால் வரிசையில் மேலே போக முடியுமா என்று நான்கு கேள்விகள். பெங்களூர்ப் போட்டிகளில் நடுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல மதிப்பெண் எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பாப்பாவின் எண்ணைப் பார்த்து யாரும் முகம் வாட வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் அனுஷ் அகர்வாலா, மிக உயர்ந்த கட்டமான கிராண்ட் பிரி டெஸ்டில் வாங்கியது 66.444. அவர் செய்த டெஸ்டும் உங்கள் மகள் செய்ததும் மலையும் மடுவும்தான். ஆனாலும் இந்த விளையாட்டில் அறுபதுக்கு மேல் என்றால் குதிரையும் பிள்ளையும் கேட்டதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எழுபது என்பது நல்ல மதிப்பெண். எண்பதைத் தாண்டுபவர்கள் உலகத்தின் உச்சியில் இருப்பவர்கள். பிரிட்டன் வீராங்கனை சார்லட் டுஜார்டினும் வலேக்ரோ என்ற குதிரையும் 2014 டிசம்பரில் லண்டனில் இசையோடு ஆடும் ஃப்ரீஸ்டைலில் 94.300 வாங்கியதை இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அலங்காநல்லூரில் கார் பரிசு யாருக்கு என்பதை வாடிவாசல் பக்கம் நிற்கும் எவரும் எண்ணிச் சொல்லிவிடலாம். யார் அதிக மாடு பிடித்தாரோ அவருக்கு. ஆனால் அதே களத்தில் சிறந்த காளை எது என்று வரும்போது அது நின்று விளையாடிய விதத்தைப் பார்த்துத்தான் கமிட்டி முடிவுசெய்கிறது. டிரெஸ்ஸாஜ் முழுக்க இந்த இரண்டாவது வகை. பார்த்துச் சொல்லும் தீர்ப்பை எண்ணாக மாற்றுவதற்கு ஒரு கட்டுப்பாடான முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் நீங்கள் கேட்கும் கணக்கு.

களம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சின்ன டெஸ்டுகளுக்கு 40க்கு 20ம் உண்டு. சுற்றிலும் எழுத்துப் பலகைகள் இருக்கும். டெஸ்ட் என்பது முன்பே அச்சிட்டுக் கொடுத்த வரிசை. இந்த எழுத்தில் ட்ராட் (துள்ளுநடை), அந்த எழுத்தில் வட்டம், இங்கே நிறுத்து, அங்கே கேன்டர் (அதைவிட வேகமான ஓட்டம்) என்று இருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வொரு நடுவரும் 0 முதல் 10 வரை போடுவார். அரை மதிப்பெண்ணும் உண்டு. 10 என்றால் மிகச் சிறப்பு, 8 நன்று, 7 ஓரளவு நன்று, 6 திருப்தி, 4 போதாது, 0 என்றால் அந்த அசைவைச் செய்யவே இல்லை. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் தாளில் பெரும்பாலும் ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவேதான் எண்கள் ஓடும். நடுவர் எண்ணையும் 'வளைவு போதவில்லை', 'அவசரம்' என்பது போல இரண்டொரு சொல்லையும் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் குதிரை அடுத்த அசைவுக்குள் போயிருக்கும். திரும்பிப் பார்த்து யோசிக்க அவருக்கு நேரம் கிடையாது. பல ஆண்டுப் பயிற்சி இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது என்பதை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எல்லா அசைவுக்கும் ஒரே மதிப்புக் கிடையாது. சிலவற்றுக்கு இரண்டால் பெருக்குவார்கள். கஷ்டமானதற்குத்தான் இரட்டை என்று பலர் நினைக்கிறார்கள். அடிப்படைக் கட்டங்களில் பெரும்பாலும் இரட்டிப்பாவது வெறும் நடை. கடிவாளத்தை நீளமாக விட்டு, குதிரை கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, முதுகைத் தளர்த்தி நடக்க வேண்டும். பிள்ளைகள் அதை மூச்சுவாங்கும் இடமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை மதிப்பெண் அதிகம் வீணாகும் இடம் அதுதான்.

இப்போது 63.397. உங்கள் மகளின் தாளில் மொத்தம் 260, மூன்று நடுவர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒருவர் 165.5, இன்னொருவர் 168, மூன்றாமவர் 161 கொடுத்திருக்கிறார்கள். 260ஆல் வகுத்தால் 63.654, 64.615, 61.923. மூன்றின் சராசரி 63.397. அவ்வளவுதான். ஒருவர் 161ம் ஒருவர் 168ம் போட்டதால் யாரோ ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்று சந்தேகப்பட வேண்டாம். ஒருவர் நேர் எதிரே, சி எழுத்தில் உட்கார்ந்திருப்பார். குதிரை நேர்கோட்டில் வருகிறதா, பின்பக்கம் விலகுகிறதா என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில், ஈ அல்லது பி எழுத்தில் இருப்பவருக்கு அடியின் நீளம் தெரியும், பின்கால் முன்கால் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்பதும் தெரியும். வெவ்வேறு கோணங்களில் இருந்து பார்த்துச் சராசரி எடுப்பதற்காகத்தான் ஒன்றுக்கு மேல் நடுவர்களே வைக்கிறார்கள். ஒலிம்பிக்கில் ஏழு பேர்.

அந்த நடை வரிசையில் அவளுக்கு மூன்று நடுவருமே ஐந்தரை கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஏழாக இருந்திருந்தால் ஒவ்வொருவர் தாளிலும் ஒன்றரை, இரட்டித்தால் மூன்று மதிப்பெண் கூடியிருக்கும். மொத்தம் 64.551. மூன்றாம் இடம் அங்கேயே இருந்தது.

இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் பதக்கம் மாறுமா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம். அணிக்கு நான்கு பேர், அவர்களில் சிறந்த மூவரின் சதவீதத்தை மட்டும் கூட்டுவார்கள். எட்ரோ என்ற குதிரையில் அனுஷ் அகர்வாலா 71.088, ஹ்ருதய் சேடா 69.941, திவ்யாகிருதி சிங் 68.176. கூட்டினால் 209.205. நான்காமவர் சுதீப்தி ஹஜேலாவின் 66.706 கூட்டலில் சேரவில்லை, ஆனால் பதக்கம் அவருக்கும் உண்டு. மற்ற மூவரில் ஒருவர் தவறியிருந்தால் அவருடைய எண்தான் அணியைத் தாங்கியிருக்கும்.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அந்தப் பட்டியலின் அடுத்த இரண்டு வரிகளை. வெள்ளி சீனா, 204.882. வெண்கலம் ஹாங்காங், 204.852. இடைவெளி 0.030. அன்று ஆடிய பிரி செயின்ட் ஜார்ஜ் டெஸ்டில் ஒரு தாளின் மொத்தம் 340, நடுவர்கள் ஐந்து பேர். ஆக ஒரு வீரருக்கு 1700. அரை மதிப்பெண்ணை 1700ஆல் வகுத்துச் சதவீதமாக்கினால் 0.029 வரும். ஒரே ஒரு நடுவர், ஒரே ஒரு அசைவுக்கு, ஆறுக்குப் பதில் ஆறரை போட்டிருந்தால் வெள்ளியும் வெண்கலமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து நின்றிருக்கும். பாரிஸிலும் அணிப் போட்டியில் ஜெர்மனி டென்மார்க்கை முந்தியது 0.121 வித்தியாசத்தில். அங்கே மூன்றே பேர்தான் அணி, மூவர் எண்ணும் கணக்கில் சேரும், கழித்துவிட யாரும் இல்லை. ஹாங்சோ விதிக்கும் பாரிஸ் விதிக்கும் இடையிலான இந்த ஒரு மாற்றம் அணி தேர்வையே மாற்றிவிடும். நான்கு பேர் என்றால் அபாரமாக ஆடக்கூடிய, ஆனால் நம்ப முடியாத ஒரு குதிரையைத் துணிந்து சேர்க்கலாம். மூன்று பேர் என்றால் அந்தத் துணிச்சல் வராது.

61க்கு முதல் பரிசு கிடைத்தது ஏன் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இடம் என்பது அந்தப் பிரிவுக்குள் மட்டும். வேறு டெஸ்ட், வேறு நடுவர், வேறு போட்டியாளர்கள். கடினமான டெஸ்டில் வாங்கிய 61 எளிய டெஸ்டில் வாங்கிய 63ஐவிட உயர்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஈவென்டிங் பட்டியலைப் பார்த்துக் குழம்பியவர்கள் உண்டு. டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஜம்பிங் மூன்றும் சேர்ந்த அந்தப் போட்டியில் டிரெஸ்ஸாஜ் எண் தலைகீழாக வரும். நூறிலிருந்து சதவீதத்தைக் கழித்துத் தண்டப் புள்ளியாக எழுதுவார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஈவென்டிங் வீரர் ஃபவாத் மிர்சாவுக்கு 28.00 என்று போட்டிருந்தார்கள் என்றால் அவர் வாங்கியது 72 சதவீதம். அங்கே எண் குறையக் குறைய நல்லது.

விருதுக் கணக்குக்கு வருவோம். குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான், சண்டை வருவதும் இங்கேதான். ஒரு போட்டியின் சதவீதம் எப்படி வந்தது என்பதில் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே முறை. ஆனால் பல போட்டிகளைச் சேர்த்து வரிசைப்படுத்த ஆளுக்கொரு விதி. இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆளுக்கு எட்டுப் போட்டி. முதல் பிள்ளை வாங்கியது 50.1, 61.0, 62.4, 63.2, 63.6, 64.0, 64.5, 71.2. ஒரு நாள் குதிரை மிரண்டு கெட்டது, ஒரு நாள் எல்லாம் கூடிவந்தது. இரண்டாவது பிள்ளை 62.8, 63.5, 63.7, 63.9, 64.1, 64.3, 64.6, 65.1. ஏற்ற இறக்கமே இல்லை.

சராசரி எடுத்தால் முதல் பிள்ளைக்கு 62.5, இரண்டாவதற்கு 64.0. சிறந்த மூன்றை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் முதல் பிள்ளைக்கு 66.567, இரண்டாவதற்கு 64.667. கோப்பை கை மாறிவிட்டது. எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் முதல் பிள்ளைக்கு 63.4, இரண்டாவதற்கு 64.0. இந்த நடு எண் முறையில் அந்த 50.1 முதல் பிள்ளையைச் சாய்க்கவும் இல்லை, 71.2 தூக்கிவிடவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க டிரெஸ்ஸாஜ் கூட்டமைப்பு தன் ஆண்டிறுதி விருதுகளுக்கு இந்த நடு எண்ணைத்தான் பயன்படுத்துகிறது. அதற்கும் குறைந்தது எட்டு மதிப்பெண், நான்கு வெவ்வேறு போட்டிகளில், நான்கு வெவ்வேறு நடுவர்களிடம் வாங்கியிருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஒரே ஊரில், பழகிய ஒரே நடுவரிடம் எட்டு முறை ஆடிவிட்டு விருதோடு போக முடியாது. ஒரே ஒரு கெட்ட நாள் குழந்தையின் ஒரு வருட உழைப்பை அழிக்கவும் முடியாது. சிறுவர் பிரிவுகளுக்கு நம் ஊர்ப் போட்டி நடத்துபவர்களும் இதைத்தான் பின்பற்ற வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

அதே கூட்டமைப்பு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று வீரர் பதக்கங்களும் தருகிறது. அவற்றில் யாரையும் யாரும் தோற்கடிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட கட்டங்களில், குறிப்பிட்ட தடவை, 60 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால் போதும். தங்கத்துக்கு இன்டர்மீடியட் கட்டத்தில் இரண்டு, கிராண்ட் பிரியில் இரண்டு. எத்தனை வருடம் எடுத்துக்கொண்டாலும் சரி. இந்த மாதிரி ஒன்று இங்கே பள்ளி அளவிலாவது வந்தால், நான்காவதாக வந்து அழும் பிள்ளைகள் குறைவார்கள்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று மூன்றாவது வகை. அங்கே நீங்கள் வாங்கிய சதவீதம் பட்டியலில் ஏறாது. வந்த இடத்துக்குத்தான் புள்ளி. முதலிடத்துக்கு 20, இரண்டாமிடத்துக்கு 17, மூன்றாமிடத்துக்கு 15 என்று இறங்கும். 75 வாங்கி ஜெயித்தாலும் 88 வாங்கி ஜெயித்தாலும் அதே 20.

உலகத் தரவரிசை வேறு மாதிரி. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்இஐ வெளியிடுவது. கடந்த 12 மாதத்தில் கிராண்ட் பிரி கட்டத்தில் ஆடியவற்றில் சிறந்த எட்டு முடிவுகளுக்கான புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். போட்டியின் தரமும் புள்ளியில் சேரும். ஐந்து நட்சத்திரப் போட்டியும் மூன்று நட்சத்திரப் போட்டியும் ஒன்றாகாது. இது கூட்டல், சராசரி அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள். ஐந்து முறை மட்டும் அற்புதமாக ஆடியவர், எட்டு முறை சுமாராக ஆடியவருக்குக் கீழே இருக்க நேரிடும். 12 மாதம் நகர்ந்துகொண்டே இருப்பதால், போன வருடம் வாங்கிய பெரிய புள்ளி ஒரு மாதம் சொல்லாமல் கொள்ளாமல் உதிரும். ஒன்றும் தவறு செய்யாமலே பெயர் பத்து இடம் கீழே போகும். குதிரைக்கு அடிபட்டு ஓய்வில் இருந்தாலும் இதே கதைதான்.

கூட்டல் விதி யாருக்குச் சாதகம் என்று மதுரையில் இருந்து பார்த்தால் உடனே புரியும். வாராவாரம் போட்டி நடக்கும் ஐரோப்பாவில், குதிரையை வண்டியில் ஏற்றி இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேருகிறவர்களுக்கு எட்டு முடிவுகள் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. நமக்குப் பெங்களூரே நானூறு கிலோமீட்டருக்கு மேல். லாரி வாடகை, வழியில் தண்ணீர் காட்டி நிறுத்தி நிறுத்திப் போவது, சித்திரை வெயில், போன பிறகு குதிரை களைப்பு தெளிய ஒரு நாள். இந்தியாவின் முன்னணி டிரெஸ்ஸாஜ் வீரர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இந்தத் தொலைவை மனதில் வைத்து எஃப்இஐ நடத்தும் ஒரு போட்டி இருக்கிறது, உலக டிரெஸ்ஸாஜ் சேலஞ்ச் என்று பெயர். நடுவர்கள் ஒரு வட்டாரத்தின் நாடுகளுக்கு வரிசையாகப் பயணம் செய்வார்கள். பிள்ளைகள் அவரவர் நாட்டில், அவரவர் குதிரையில் ஒரே டெஸ்டை ஆடுவார்கள். எண்களைச் சேர்த்து வரிசை போடுவார்கள். இந்தியாவிலும் நடக்கிறது. உங்கள் மகள் இன்னும் கொஞ்சம் தேறியதும் முதலில் குறிவைக்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

அர்ஜுனா விருது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2023ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா அனுஷுக்கும் திவ்யாகிருதிக்கும் கிடைத்தது. குதிரையேற்றத்தில் அதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் திவ்யாகிருதி. அது நான்கு ஆண்டு ஆட்டத்தைப் பார்த்து, ஒழுங்கு, தலைமைப் பண்பு இவற்றையும் சேர்த்துக் குழு முடிவுசெய்யும் விருது. டெஸ்ட் தாளைக் கூட்டிப் பார்த்து அதை ஊகிக்க முடியாது.

கடைசிக் கேள்வி, சொந்தக் குதிரை. எஃப்இஐ உலகத் தரவரிசையின் முக்கியமான பட்டியல் வீரர் பெயரில் மட்டும் வருவதில்லை. வீரரும் குதிரையும் சேர்ந்த ஜோடியின் பெயரில் வரும். ஒரே வீரர் இரண்டு குதிரைகளோடு இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கலாம். குதிரையை மாற்றினால் அந்த ஜோடியின் கணக்கு பூஜ்ஜியத்தில் ஆரம்பம். ஒலிம்பிக் இன்னும் சிக்கல். அனுஷ் எட்ரோவோடு ஆடி வாங்கிய பாரிஸ் ஒலிம்பிக் தகுதி இடம் இந்தியாவுக்குச் சொந்தம், அவருக்கு இல்லை. தகுதி மதிப்பெண்ணை இன்னொரு இந்திய வீராங்கனை ஷ்ருதி வோராவும் மேக்னானிமஸ் என்ற குதிரையோடு எட்டியிருந்தார். அண்மைக்கால மதிப்பெண்களைப் பார்த்து இந்தியக் கூட்டமைப்பு அனுஷைத் தேர்ந்தெடுத்தது. அவர் பாரிஸில் ஆடியது எட்ரோவில் அல்ல, சர் காரமெல்லோ ஓல்ட் என்ற வேறு குதிரையில். அந்த ஜோடியும் தகுதி மதிப்பெண்ணைத் தனியாக எட்டியிருக்க வேண்டும் என்பது விதி.

ஆகவே இப்போதைக்கு வாங்க வேண்டாம், அண்ணே. பயிற்சிப் பள்ளிக் குதிரையிலேயே இன்னும் ஒரு சீசன் போகட்டும். வெவ்வேறு குதிரைகளில் ஏறி அறுபதைத் தாண்டும் பிள்ளைக்கு உட்காரும் விதம் சரியாக இருக்கிறது என்று பொருள். பிறகு எந்தக் குதிரையை வாங்கினாலும் அது வீணாகாது. ஒரே குதிரையில் மட்டும் நன்றாக ஆடுகிறாள் என்றால், குதிரை அவளைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்.

அடுத்த சீசன் தொடங்கும் முன் போட்டி நடத்துபவர்களிடம் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விருதுக்கு எத்தனை முடிவுகள் எடுக்கிறார்கள், சராசரியா கூட்டலா நடு எண்ணா, வீரருக்கா ஜோடிக்கா, இருவர் சமமாக வந்தால் எதைப் பார்ப்பார்கள். ஃப்ரீஸ்டைலில் சமநிலை என்றால் கலை மதிப்பெண் அதிகம் வாங்கியவர் முந்துவார். மற்ற டெஸ்டுகளுக்கு அந்தந்தப் போட்டியின் விதிப்புத்தகம்தான். களத்தை விட்டு குதிரையின் நான்கு காலும் வெளியே போனாலோ, நொண்டினாலோ, உடலில் ரத்தம் தெரிந்தாலோ போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். அந்த நாள் விருதுக் கணக்கில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும் கேளுங்கள். மதிப்பெண் தாளை அன்றே வாங்கிவிடுங்கள். நடுவர் போட்ட ஐந்தரையை எதிர்த்து முறையிட வழி இல்லை. ஆனால் கூட்டலில் பிழை இருந்தாலோ, இரட்டிக்க வேண்டியதை இரட்டிக்காமல் விட்டிருந்தாலோ உடனே சொன்னால் திருத்துவார்கள். அதற்கு நேரக்கெடு உண்டு. முடிவுப் பலகையில் எண் ஏறியதும் கையில் தாளோடு ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.